அப்பு செத்த வருஷம்

எங்கள் அப்பு, அதாவது ஐயாவின் தகப்பனார், எந்த வருஷம் செத்தார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. திதி மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆடி மாதம், அபரபக்கத் தசமி. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போக இன்னும் நாலைந்து நாள் கிடக்கிறது என்னும்போது பெரும்பாலான வருஷங்களில் அப்புவின் துவசம் வந்துவிடும். ஐயர் வருவார், தர்ப்பணம் நடக்கும், வாழைக்காய்க் கறியோடு பந்தி போடுவார்கள். துவசம் செய்ய மாதமும் பக்கமும் திதியும் போதும். வருஷம் எதற்கு?

கேள்வி கனடாவிலிருந்து வந்தது. தம்பியின் மகள் குடும்ப வரலாறு எழுதுகிறாள். “மாமி, பூட்டன் செத்த திகதி வேணும். திதியைச் சொல்லாதேங்கோ, அதை அம்மாவும் சொல்லுறா” என்று தொலைபேசியில் கேட்டாள். வீட்டில் இருந்த உறுதிகள், சாதகக் குறிப்புகள், படங்கள் எல்லாம் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு போய்விட்டன. வலிகாமத்திலிருந்து அன்று தென்மராட்சிப் பக்கம் நடந்தவர்களில் பழைய காகிதப் பெட்டியைத் தூக்கியவர்கள் குறைவு. நான் ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவள். பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் பத்திரிகை மரண அறிவித்தல்களில் தொடங்கினேன். அவற்றின் வசன அமைப்பு தலைமுறை தலைமுறையாக மாறவில்லை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், அவர்களின் அன்புத் தாயாரும், இவர்களின் மாமியாரும், அவர்களின் அருமைச் சகோதரியும், இவர்களின் பேத்தியாரும் ஆவார். எங்கள் தமிழ் ஆசிரியர் பார்த்திருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பார். குடும்பம் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல வசனம் கிடையாது. ஒரே மூச்சில் நாலு தலைமுறை வந்துவிடுகிறது. பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ இருந்தால் அந்த ஆள் அந்தத் திகதிக்கு முன் செத்தவர். இல்லையென்றால் அன்று உயிரோடு இருந்தவர். ஒரே வீட்டு அறிவித்தல்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதலாவதில் வெறும் பெயராக இருப்பவர் இரண்டாவதில் ‘காலஞ்சென்ற’ ஆகியிருப்பார். அந்த இடைவெளிக்குள்தான் அவருடைய சாவு கிடக்கிறது.

அப்புவுக்கு அறிவித்தல் கிடைக்கவில்லை. கிடைக்கவும் நியாயமில்லை. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை, இரண்டும் கொழும்புப் பத்திரிகைகள். அளவெட்டியில் புகையிலை போட்ட ஒரு மனுசனுக்குக் கொழும்புப் பத்திரிகையில் அறிவித்தல் போட அந்தக் காலத்தில் யாருக்குத் தோன்றும்? யாழ்ப்பாணத்திலிருந்து ஈழநாடு வரத் தொடங்கியது 1959இல். உதயன் 1985இல். ஆனால் அப்புவின் கடைசித் தங்கை எண்பதுகளின் நடுவில் செத்தவர். அவருடைய அறிவித்தல் இருந்தது. சகோதரர் வரிசையில் நாங்கள் கேள்விப்பட்டேயிராத இரண்டு பெயர்கள். ஒருவருக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் ‘மலாயா’. ஆகையால் தேடப்போகிறவர்களுக்கு முதலில் நான் சொல்வது, உங்களுடைய ஆளைத் தேடாதீர்கள், அவரோடு பிறந்தவர்களில் கடைசியாகச் செத்தவரைத் தேடுங்கள் என்பதுதான்.

மலாயாக்காரரைத் தேட வழி உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலகம் தன்னுடைய பழைய பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருக்கிறது. ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் தேடும்போதுதான் தலைவலி. கந்தையாவை ஒருவர் ‘கே’ போட்டும் இன்னொருவர் ‘சி’ போட்டும் எழுதுவார். வைத்தியலிங்கத்தை எழுத எத்தனை விதம் உண்டோ அத்தனையையும் எழுதியிருக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு ரயில்வே, ஓய்வூதியர், யாழ்ப்பாணம் என்ற சொற்களைப் போட்டுத் தேடியபோது எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

நம்முடைய பழைய பத்திரிகைகளைப் பார்க்கக் கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்தவை 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தன. இலங்கை வானொலி மரண அறிவித்தல்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது வாசிக்கும் நேரம் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. அவ்வளவு பெயர்களும் காற்றோடு போயின.

அப்புவின் வருஷத்தை எனக்குத் தந்தது கல்வெட்டு. கல்லில் வெட்டியது இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். இப்போது நினைவு மலர் என்று பெயர் மாற்றி, வழுவழுப்பான தாளில் நிறப்படங்களோடு போடுகிறார்கள். எங்களிடம் அப்புவின் கல்வெட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கத்து வளவு ஆச்சியின் சாமியறையில் ஒன்று இருந்தது. காரணம் அப்பு மீதிருந்த மரியாதை அல்ல. உள்ளே சிவபுராணமும் தேவாரமும் அச்சடித்திருக்கிறார்கள். தேவாரம் உள்ள புத்தகத்தை எங்கள் பக்கம் ஒருவரும் குப்பையில் போடமாட்டார்கள், அடுப்பிலும் வைக்கமாட்டார்கள். கல்வெட்டுகள் இவ்வளவு தப்பிப் பிழைத்ததற்கு இதுதான் காரணம். ஆகவே சொந்தக்காரர் வீட்டில் இல்லையென்று விட்டுவிடாமல், அந்தியேட்டிக்கு வந்துபோன அயல்வீடுகளின் சாமியறையையும் கேட்டுப்பாருங்கள்.

மேலட்டை கிழிந்து போயிருந்தது. திகதி அச்சடித்த பக்கமும் அதோடு போயிற்று. திதி வெண்பா மட்டும் உள்ளே இருந்தது. ஊர்ப் பண்டிதர் ஒருவர் பாடிய நாலு அடி. அதில் ஜய வருஷம், ஆடி, அபரபக்கம், தசமி எல்லாம் தளை தட்டாமல் உட்கார்ந்திருந்தன. அறுபது வருஷச் சுற்றில் ஜய என்பது 1894இல் வரும், 1954இல் வரும், 2014இலும் வந்தது. எது என்று ஆச்சியைக் கேட்டேன்.

“மகாராணி வந்திட்டுப் போன வருசமெல்லோ பிள்ளை. அப்ப நான் பத்து வயசுப் பெட்டை” என்றார்.

எலிசபெத் மகாராணி இலங்கைக்கு வந்தது 1954 ஏப்ரலில். அந்த மாதம்தான் ஜய வருஷமும் பிறந்தது. இனி ஆடித் தசமியைத் திகதியாக்கவேண்டும். அந்த வருஷம் ஆடி அமாவாசை யூலை 29. பின்னோக்கி எண்ணினால் தசமி யூலை 24 இரவுக்கும் 25 மாலைக்கும் இடையில் நிற்கிறது. இங்கே ஒன்று கவனிக்கவேண்டும். திதி நடுச்சாமத்தில் மாறுவதில்லை. ஒரு திதி இரண்டு திகதிகளில் கால் வைத்திருக்கும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும். அதனால் வெண்பாவிலிருந்து ஒரே திகதியை எடுக்கப் பார்க்காமல் இரண்டு நாளை எடுத்துக்கொண்டு பதிவேட்டுக்குப் போவதுதான் சரி.

எங்கள் ஊருக்குரிய அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். தேடிப் பார்த்தார்கள். அந்தக் கிழமையிலும் இல்லை, அந்த மாதத்திலும் இல்லை. “பதிஞ்சிருக்க மாட்டினம் அம்மா, அந்தக் காலத்தில கனபேர் பதியிறேல்லை” என்றார் அங்கிருந்த பிள்ளை. விட்டிருப்பேன். ஆனால் ஆச்சி அன்று மகாராணிக் கதையோடு இன்னொன்றும் சொல்லியிருந்தார். “வேலியால எட்டிப் பார்த்தனான். உன்ர அப்புவைக் காரில எல்லோ கொண்டந்து இறக்கினவை.”

அப்பு எங்கள் வீட்டுத் திண்ணையில் செத்தார் என்றுதான் ஐயா சொல்லுவார். பெரியையாவும் அப்படியே சொல்லுவார். திண்ணையில் செத்தவருக்குக் கார் எதற்கு?

இறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளர் பிரிவில்தான் பதிவாகும். ஆள் எந்த ஊர் என்பது கணக்கில்லை. காரில் கொண்டுவந்தார்கள் என்றால் பட்டணத்திலிருந்து கொண்டுவந்திருக்கவேண்டும். பட்டணப் பிரிவுகளுக்கு விண்ணப்பித்தேன். 1954 யூலை 25, வண்ணார்பண்ணை. கிடைத்தது.

பிரதியெடுத்த அந்தத் தாளை இப்போதும் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நிரல் நிரலாகக் கோடு போட்ட படிவம். மை பரவிய சாய்ந்த கையெழுத்து. பெயர், வயது 70, தொழில் கமம், தாய் தகப்பன் பெயர்கள். மரணத்துக்கான காரணம் நெருப்புக் காய்ச்சல். அடுத்து, அறிவித்தவரின் பெயரும் வதிவிடமும் அவர் எந்த முறையில் அறிவிக்கிறார் என்பதும். அந்த இடத்தில் எழுதியிருந்தது: மருமகன், மரணத்தின்போது பிரசன்னமாயிருந்தவர். பெயர் எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

கல்வெட்டில் ‘மக்கள் புலம்பல்’ என்று ஒரு பகுதி உண்டு. அதில் நாலு பிள்ளைகள் அழுகிறார்கள். அப்புவுக்குப் பிள்ளைகள் ஐந்து. கடைசி மாமி சாதி மாறி விவாகப் பதிவு செய்துகொண்டு பட்டணத்துக்குப் போனவர். அவரைக் கழித்துவிட்டார்கள். செத்தவீட்டுக்குக்கூட வரவில்லை என்று பெரியையா கடைசிவரை குறை சொன்னார். வரத்தேவையில்லாமல் இருந்திருக்கிறது. அப்பு காய்ச்சலோடு படுத்ததும் கண்ணை மூடியதும் அந்த மாமியின் வீட்டில்தான். காரைப் பிடித்துச் சவத்தை ஏற்றிவிட்டு, பதிவாளரிடம் போய்க் கையொப்பம் வைத்தவர் அந்த மருமகன். அதற்குப் பிறகு ஊரில் அந்தியேட்டி நடந்தது, கல்வெட்டு அச்சானது, நாலு பேர் மட்டும் புலம்பினார்கள்.

அப்பு அங்கே போய்வந்துகொண்டிருந்தாரா, காய்ச்சலுக்காக மட்டும் போனாரா என்று பதிவேடு சொல்லாது. கேட்கவும் ஆளில்லை. ஆனால் இதைப் பார்த்த பிறகு மரண அறிவித்தலையும் கல்வெட்டையும் நான் வாசிக்கிற விதம் மாறிவிட்டது. இரண்டையும் எழுதுவது குடும்பம்; ஊர் என்ன நினைக்கும் என்ற கணக்கோடுதான் எழுதும். பதிவேட்டில் அறிவித்தவர் நிரலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அங்கே நின்றவன் பெயரை எழுதிக்கொள்கிறது. அதற்காகப் பதிவேடு முழுவதையும் நம்பவேண்டாம். வயது 70 என்பது மருமகன் உத்தேசமாகச் சொன்னது. கல்வெட்டில் 68 என்று இருக்கிறது, அதுதான் சரியாக இருக்கும். பிறந்த வருஷத்தைப் பற்றிப் பிள்ளைகளைக் கேட்கவேண்டும், செத்த இடத்தைப் பற்றி அறிவித்தவரைக் கேட்கவேண்டும்.

தம்பியின் மகளுக்குத் திகதியை அனுப்பினேன். மாமியையும் அவருடைய புருஷனையும் வரைபடத்தில் போடச் சொன்னேன். பெரியையாவின் மக்களில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. “இவ்வளவு நாளைக்குப் பிறகு ஏன் இதைக் கிண்டுறியள்?” என்று கேட்டார். அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை அவருக்கும் அனுப்பிவைத்தேன். பதில் இல்லை.

வரைபடத்தில் இன்னொரு கட்டமும் எங்களுக்குச் சிக்கலானது. சித்தியின் மகன் 2009இல் காணாமற்போனவன். காணாமற்போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற 2010இல் ஒரு சட்டம் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றையும் சேர்த்தார்கள். சித்தி இரண்டையும் எடுக்கவில்லை. அவனுக்குத் திதியும் இல்லை, அறிவித்தலும் இல்லை. கணினி நிரல் அந்தக் கட்டத்தில் இறந்த திகதியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று தம்பியின் மகள் சொன்னாள். வெறுமையாக விடு என்றேன்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு சாவு நடந்து அறிவித்தல் எழுத உட்காரும்போது, பெண்களைத் ‘திருமதி’ போட்டுப் புருஷன் பெயரால் மட்டும் எழுதாதீர்கள். அவர்களுடைய சொந்தப் பெயரையும் சேருங்கள். திதி வெண்பாவுக்குக் கீழே ஆங்கிலத் திகதியை இலக்கத்தில் போடுங்கள். அதை மேலட்டையில் மட்டும் போடவேண்டாம், அட்டைதான் முதலில் கிழிகிறது. செத்த இடம் ஊராக இல்லாவிட்டால் எந்த இடம் என்று எழுதுங்கள். சாமியறையில் பழைய கல்வெட்டுகள் கிடந்தால் ஒரு பிரதி எடுக்கக் கொடுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற இணைய நூலகம் இப்படியான மலர்களை வாங்கி எண்ணிமமாக்கி எவரும் பார்க்கும்படி போடுகிறது. எங்கள் ஆச்சியின் கல்வெட்டையும், ஆச்சியிடம் கேட்டு, கிழிந்தபடியே அங்கே கொடுத்திருக்கிறேன்.