காட்டோரத்தில் முதல் துப்பாக்கி

பெங்களூரிலிருந்து வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும், ஜூஜூவாடி தொடங்கி ஓசூர் வரை சிப்காட் தொழிற்பேட்டையின் மதில்களும் அவற்றை ஒட்டிய சிறு பட்டறைகளும் தொடர்கின்றன. கைக்கடிகாரத்தின் பல்சக்கரம் முதல் லாரி வரை உலோகத்தை நுட்பமாகக் கையாளப் பழகிய இவ்வூரை, 2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தன் ஐந்து மையங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் இங்கே மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு தொழிலாளியோ, தளிப் பக்கம் இரண்டு ஏக்கரில் ராகி விதைத்திருக்கும் ஒரு விவசாயியோ கையிலுள்ள சிறு பணத்தைக் கொண்டு முதல் துப்பாக்கி வாங்க நினைத்தால், எதை வாங்கலாம் என்பதை விலைக்கு முன்பாகச் சட்டமும், அவர் வீட்டுக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள தூரமும் முடிவுசெய்துவிடுகின்றன.

சட்டம் முதலிலேயே விலக்கிவிடும் அரைத் தானியங்கி ரைஃபிள் என்பது, விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா மட்டும் பாய, பெரும்பாலும் அந்த வெடிப்பின் வாயு அழுத்தமே வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடும் ஆயுதமாகும். தமிழ்நாட்டு மக்கள் இதைக் காவலர் கையில், எஸ்.எல்.ஆர். என்ற பெயரில் பார்த்திருக்கிறார்கள். 1962 சீனப் போருக்குப் பின் பழைய .303 ரைஃபிளின் இடத்துக்கு வந்த இந்த 7.62 மி.மீ. ஆயுதம் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரானது. இத்தகைய ரைஃபிளை 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் முதல் வகைப்பாட்டுக்குள் அடக்கி, அதற்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை மத்திய உள்துறை அமைச்சகத்திடம் ஒப்படைத்துள்ளன. ஆகவே பணம் குறைவோ நிறைவோ, ஓசூர்க் குடிமகன் ஒருவர் முதல் துப்பாக்கியாக அதை எண்ணிப்பார்ப்பதற்கே இடமில்லை. இந்தத் தடை சரியானது என்றே இக்கட்டுரை கருதுகிறது.

எஞ்சுபவற்றுள் .315 ரைஃபிள் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் தாழை இழுத்துத் தள்ள வேண்டியது; ஆனால் சிறு பணத்துக்கு எட்டாதது. அதற்கும் கீழே, குழலின் உட்புறத்தில் தோட்டாவைச் சுழலச்செய்யும் வரிப்பள்ளங்கள் இல்லாத வழவழப்பான குழல் துப்பாக்கியும், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும் வருகின்றன. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தன் 13-ஆவது பிரிவில், உண்மையாகவே பயிரைக் காக்க வேண்டியவருக்கு உரியதாக இந்த வாய்வழித் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1791-இல் கிருஷ்ணகிரிக் கோட்டை மீது பாய்ந்து தோற்றுத் திரும்பிய ஆங்கிலப் படையும், உள்ளிருந்து எதிர்த்த திப்புவின் படையும் வைத்திருந்தவை வாய்வழியே கெட்டித்த துப்பாக்கிகளே என்பதை நினைக்கும்போது, உழவருக்கென்று சட்டம் ஒதுக்கிய கருவி எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டி நோக்கித் திரும்பும் சாலையில் நிலம் விரைவில் மாறுகிறது. ரோஜாத் தோட்டங்களின் பசுமைக்குடில்கள் பின்தங்கி, ராகிக் கொல்லைகளும் அவற்றின் வரப்போரத்தில் மூங்கிலும் மரக்கிளையும் கொண்டு கட்டிய காவல் பரண்களும் தெரியத் தொடங்குகின்றன. ராகி முற்றும் பருவத்தில் பன்னர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரிக் காடுகள் வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கும். அவை சானமாவு வரை வந்து, நெடுஞ்சாலையையும் கடப்பதுண்டு. பரணில் இரவைக் கழிப்பவரிடம் ஒரு டார்ச், சில பட்டாசுகள், தட்டுவதற்கு ஒரு தகரம் ஆகியவையே இருக்கும். பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கதிர் உரசும் ஒலி காற்றாலா விலங்காலா என்று விடியும்வரை செவியைத் தீட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் துப்பாக்கி வேண்டும் என்று கேட்பதில் பேராசை எதுவும் இல்லை.

ஆனால் இப்பகுதிக் காடுகளில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டுவிட்டன. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவோ, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இன்றிப் புதிய ஆயுத உரிமம் எதுவும் தரலாகாது என்கிறது. ஆயுதச் சட்டம் எந்த உழவரை மனத்தில் வைத்துக் கதவைத் திறந்ததோ, அந்த உழவருக்கே இங்கு இரண்டாவது பூட்டு ஒன்று விழுகிறது. உரிமம் கிடைத்தாலும் யானையைச் சுட முடியாது. அந்தத் துப்பாக்கிக்கு வெற்றுவேட்டாகச் சத்தமிடுவது ஒன்றே வேலை. காட்டுப்பன்றியைக் கூட, 2025 ஜனவரியில் வந்த தமிழக அரசின் ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம்.

தேவைக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கி பிழைத்திருக்கிறது. குழாயும் மரக்கட்டையும் விசையும் சேர்ந்த அது வாங்கும்போது மலிவாகத் தோன்றினாலும், குழல் வெடித்துக் கையைச் சிதைக்கக்கூடியது. பன்றி என்று எண்ணி இருட்டில் மனிதரைச் சுட்டுவிடும் கேடும் அதில் உண்டு. ஆயுதச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2 முதல் 5 ஆண்டு வரையிலும், உரிமமின்றித் தயாரிப்பதற்குக் குறைந்தது 7 ஆண்டும் சிறை உண்டு. இரண்டு ஏக்கர் ராகிக்காரர் ஒருவர் சிறைக்குப் போனால் அந்தக் குடும்பம் யானை மேய்ந்துபோன ஆண்டை விடவும் மோசமான ஆண்டைக் காணும். ஆகவே அஞ்செட்டி, உரிகம் பக்கத்து உழவர் துப்பாக்கிக்கென்று ஒதுக்கிய பணத்தைச் சூரியமின்வேலிக்குத் திருப்புவதே அறிவுடைமை. அந்த வேலியின் செலவையும் பயிர் இழப்பீட்டையும் அறுவடைக்கு முன்னரே கொண்டுசேர்ப்பது அரசின் கடமை.

குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் ஆசை கொண்ட ஓசூர்த் தொழிலாளியின் நிலை வேறு. குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கும் குழலின் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக்கின் 10 மீட்டர் போட்டியில் பயன்படுவதும் இதே 0.177 விட்டம்தான்; கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் பெற்றதும் அந்தப் போட்டியில்தான். வாங்குபவர் ஆற்றல் அளவு அச்சிட்ட தாளையும் ரசீதையும் கேட்டுப்பெற்று, போட்டிக்குரிய விலையுயர்ந்த ரைஃபிளுக்குப் போகாமல் பயிற்சிக்கான எளிய ரைஃபிளில் தொடங்கி, மிச்சப்படும் பணத்தை ரவைகளுக்கும் அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் கட்டணத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் .22 ரைஃபிளுக்கு உரிமம் கேட்கும்போதும் அந்த உறுப்பினர் தகுதி துணைநிற்கும். ஆயுதச் சட்டத்தின் அதே 13-ஆவது பிரிவு கிளப் உறுப்பினரின் குறிப்பயிற்சி ரைஃபிளுக்கும் இடம் தருகிறது.