பதிவேட்டில் இல்லாத வீடு



மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் மதரஸாவின் இரும்பு அலமாரியைத் திறந்து பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. அதனுள் ஒரு நீண்ட கயிறும், இரண்டு டார்ச் விளக்குகளும், ஒரு முதலுதவிப் பெட்டியும், ஒரு பதிவேடும் இருக்கின்றன. இவற்றுள் எங்களுக்குப் பெரும் பாடம் புகட்டியது அந்தப் பதிவேடுதான்.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பிக்கும் உஸ்தாதுமார்கள் நாங்கள். 2015 டிசம்பரில் சென்னையையும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தையும் சூழ்ந்த பெருவெள்ளத்தை எவரும் மறந்திருக்க மாட்டோம். அதன்பின் சில ஆண்டுகள் கழித்து, பேரிடரை ஊர்மக்களே எதிர்கொள்ளப் பயிற்சியளிக்கும் திட்டத்தோடு ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். மதரஸாக் கூடத்தைத் தந்தோம். பதிவேட்டை எழுதும் பொறுப்பும் எங்களிடமே வந்தது.

அப்போதுதான் 'கண்காணிப்பும் மதிப்பீடும்' என்ற சொற்களைக் கேள்விப்பட்டோம். பணி நடந்துகொண்டிருக்கும்போதே அது சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்துவருவது கண்காணிப்பு. அப்பணியால் மக்களுக்கு விளைந்த நன்மை என்ன என்று பின்னர் எடைபோடுவது மதிப்பீடு. எளிய செய்திதான். ஆனால் எங்களிடம் தரப்பட்ட படிவம் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், என்னென்ன பொருள்கள் வழங்கப்பட்டன என்று மட்டுமே கேட்டது.

நாற்பது பேருக்குப் பயிற்சி என்பது இலக்கு. இரண்டு நாளும் முழுமையாக அமர்ந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. மதிய உணவுக்கு வந்தவர்களையும், வருவதாகச் சொல்லி வராதவர்களையும் சேர்த்து எழுதி நாற்பதை நிரப்பினோம். யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. நல்ல காரியம்தானே, எண்ணிக்கை குறைந்தால் ஊருக்கல்லவா குறைவு என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். நடக்க இயலாதோர் பட்டியலையும் வீடு வீடாகச் செல்லாமல் நினைவிலிருந்தே எழுதிவிட்டோம்.

2021 நவம்பர் வந்தது. பாலாற்றில் பல்லாண்டுகளாகக் காணாத வெள்ளம் பெருகிய மாதம் அது. அந்த அடைமழையில் ஓர் இரவு தெருவில் தண்ணீர் ஏறியது. கடைசித் தெருவில் ஒரு முதிய நெசவாளர் இருந்தார். வாதத்தால் ஒரு கால் செயலிழந்தவர். பட்டு நெசவு வீடுகளில் தறி தரையோடு இருக்கும். மிதிபலகைகள் குழிக்குள் இருக்கும். வீட்டில் தண்ணீர் புகுந்தால் முதலில் நிறைவது அந்தத் தறிக்குழிதான். அவர் வீட்டுத் தறிக்குழி நிறைந்து, தரையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

எங்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கயிறும் விளக்கும் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. சாவி எங்கள் சட்டைப்பையில் இருந்தது. நாங்களோ அன்றிரவு காஞ்சிபுரத்தில் ஒரு நிக்காஹ் வீட்டில் இருந்தோம். பயிற்சிக்கே வராத பக்கத்து வீட்டு இளைஞர்கள் இருவர் அவரைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் உயிர் தப்பியது. ஆனால் முதலாளியிடமிருந்து வாங்கித் தறியில் ஏற்றியிருந்த மூன்று சேலைக்கான பட்டுப் பாவு நனைந்து பாழாயிற்று.

அடுத்த ஆண்டு திட்டத்தை மதிப்பிட ஓர் இளம்பெண் வந்தார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். நேராகக் கடைசித் தெருவுக்குச் சென்று, அந்த நெசவாளரின் மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அன்னைக்கு ராத்திரி முதல்ல யாரும்மா வந்தாங்க?" அந்த அம்மையார் எங்களைப் பார்த்தார். பிறகு, "பாயைக் குத்தம் சொல்லக் கூடாதும்மா, அவங்களுக்குத் தெரியாது" என்றார். அவர் எங்களைக் கடிந்திருந்தால் தாங்கியிருப்போம். தெரிந்துகொள்வதுதானே எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை! அன்று மாலையே அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லி, நாற்பது என்ற எண்ணை எங்கள் கையாலேயே திருத்தினோம்.

உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். மக்களின் பெயர்களைப் பதிவுசெய்து உதவித்தொகை வழங்கும் திவான் முறையை ஏற்படுத்தியவர்கள் அவர்கள். அதே உமர் (ரலி) அவர்கள்தாம் இரவில் தெருத்தெருவாக நடந்தார்கள். பசித்த பிள்ளைகளை ஏமாற்றித் தூங்கவைக்க வெறும் பானையை அடுப்பிலேற்றியிருந்த தாயைக் கண்டு, மாவு மூட்டையைத் தம் தோளிலேயே சுமந்து சென்றார்கள். பதிவேடும் வேண்டும், அந்த நடையும் வேண்டும். நாங்கள் பதிவேட்டோடு நின்றுவிட்டோம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபோதும் இதே பாடம் வெளிப்பட்டது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ கிராமத்தில், கடலின் நிலவரத்தை மீனவர்களுக்கு நாள்தோறும் அறிவிக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர் இளைஞர் தொலைபேசியில் எச்சரித்ததும், ஊரார் மையத்தின் கதவை உடைத்து அறிவிப்புச் செய்தார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன, மக்கள் தப்பினார்கள். தினமும் பயன்பட்ட பொருளாகையால் அதை இயக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். எங்கள் அலமாரிக் கயிற்றை ஒருவரும் ஒரு நாளும் தொட்டதில்லை.

அந்தப் பேரழிவின் நிவாரணப் பணிகளைப் பல அமைப்புகள் கூட்டாக மதிப்பிட்டு 2006இல் அறிக்கை வெளியிட்டன. முதல் நேரங்களில் உயிர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் மக்களே என்றும், வெளியிலிருந்து வந்தவர்கள் பலசமயம் அவர்களுடைய திறனைக் கவனிக்கத் தவறினார்கள் என்றும் அது கூறியது. எங்கள் ஊரின் அந்த இரு இளைஞர்களை எங்கள் பதிவேடும் அப்படித்தான் கவனிக்கவில்லை.

இப்போது ஐப்பசி பிறக்குமுன் மதரஸாவின் மூத்த மாணவர்களோடு எல்லா மதத்தார் வீடுகளுக்கும் நடந்தே செல்கிறோம். இந்த வீட்டில் தானாக எழுந்து வர இயலாதவர் யார்? அவரைத் தூக்கிவரப் போகிறவர் யார்? தண்ணீர் வந்தால் முதலில் எதை உயர்த்தி வைக்க வேண்டும்? நெசவு வீடுகளில் மூன்றாம் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: பாவு. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நாங்களே கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டோம். சாவி இப்போது பள்ளிவாசல் ஹவ்ளுக்கு அருகே ஆணியில் தொங்குகிறது. அந்த இரு இளைஞர்கள்தாம் ஒத்திகையை நடத்துகிறார்கள். சென்ற ஒத்திகையில் கடைசித் தெருவுக்கு ஒலிபெருக்கி கேட்கவில்லை. "கேட்கவில்லை" என்றே எழுதினோம்.

கணக்கு எழுதுவது அமானிதம். ஒரு வீட்டை விட்டுவிட்டு எழுதிய நிறைவான கணக்கைவிட, குறையை மறைக்காத கணக்கு மேலானது. உங்கள் ஜமாஅத்திலும் இத்தகைய பதிவேடு இருக்குமாயின், இந்த மழைக்கு முன் அதை எடுத்துக்கொண்டு கடைசித் தெருவரை ஒருமுறை நடந்துவாருங்கள்.

மறுமையில் கேள்வி கேட்கப்படும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் முஹாஸபாவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் இலகுவாக்கி வைப்பானாக. ஆமீன்.