வெள்ளியில்லாத கறுப்பு வெள்ளை

திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த பன்னிரண்டு படங்களைக் கண்காட்சிக்குத் தந்தபோது, படங்களைவிட அவற்றின் கீழ் ஒட்டவேண்டிய சீட்டைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருந்தது. "'ஜிக்லே அச்சு' என்று போடுங்கள், விலை கூடும்" என்றார் ஏற்பாட்டாளர்.

1991இல் அமெரிக்க அச்சாளர் ஜாக் டுகான் உருவாக்கிய சொல் அது. பீய்ச்சுதல் என்று பொருள்தரும் பிரெஞ்சு வினையிலிருந்து எடுத்தார். இங்க்ஜெட் என்றால் அலுவலக வாடை அடிக்கிறதல்லவா?

பழைய படங்களில் கறுப்பு என்பது ஜெலட்டினில் உறைந்த வெள்ளித் துகள். என் படங்களில் அது பருத்திக் காகிதத்தின் மேல் படிந்த நிறமி மை. இதில் தாழ்வேதுமில்லை, மறைப்பதில்தான் தாழ்வு. மென்பொருளில் வானத்தை இருட்டாக்கியதற்கும் நான் கூசவில்லை. திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த 1858இல் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், காகித நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டியவர்.

உண்மையான சிக்கல் எண்ணில் இருக்கிறது. இருட்டறையில் ஒவ்வொரு பிரதியும் தனித்தனி உழைப்பு. டிஜிட்டல் கோப்போ நூறாவது பிரதியையும் முதலாவதைப் போலவே தரும். ஆகவே 3/10 என்று எழுதுவது தொழில்நுட்பத்தின் எல்லையல்ல, வாங்குபவருக்குத் தரும் வாக்கு. பூட்டுக்குப் பெயர்போன ஊர் இது. ஆனால் பதினோராவது பிரதியைப் பூட்டிவைக்க என் சொல்லைத் தவிர வேறு பூட்டில்லை.

இறுதியில் இப்படி எழுதினேன்: மலைக்கோட்டை, திண்டுக்கல். எடுத்தது 2019, அச்சிட்டது 2023. பருத்திக் காகிதத்தில் நிறமி மை இங்க்ஜெட் அச்சு. 3/10.

ஏற்பாட்டாளர் விலையைக் குறைத்தார். சீட்டை மாற்றச் சொல்லவில்லை.