கத்திக்கட்டும் ஐம்பது ரூபாயும்

எனக்குக் கட்டுச்சேவல்களைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் பின்னால் சொல்வதில் பாதி பொய்யாகிவிடும். அப்பா அரவக்குறிச்சிப் பக்கத்தில் சேவல் வளர்த்தவர். எங்கள் தொண்டுப்பட்டியில் காகம், கீரி, வல்லூறு என்று வகைவகையான சேவல்கள் தனித்தனி முளையில் கட்டிக் கிடக்கும். விடியலில் ஒவ்வொன்றாக மடியில் எடுத்து நீவிவிடுவார், கிணற்றில் நீச்சல் விடுவார், ஊறவைத்த கம்பும் அவித்த முட்டையின் வெள்ளையும் கையாலேயே ஊட்டுவார். என் பள்ளிக்கூடச் செலவு, விடுதிச் செலவு, சட்டக் கல்லூரி முடித்து முதன்முதலாகப் போட்ட கறுப்புக் கோட்டு எல்லாம் அந்தச் சேவல்களை விற்ற பணம்தான். அந்த வீட்டில் வளர்ந்த நான்தான் சேவற்கட்டு நடத்துபவர்களுக்கான தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று கேட்டு வருகிறேன்.

இப்போதுள்ள தண்டனை என்ன என்று பலருக்குத் தெரியாது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 11ஆவது பிரிவு இருக்கிறது. உயிரினங்களை மோதவிடுவதும், மோதவிடுவதற்கென்று இடம் நடத்துவதும் அதன்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி சிக்கினால் 25 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் வந்த காலத்தில் 50 ரூபாய்க்கு அரைப் பவுன் தங்கம் வாங்கலாம். அன்று அது வலிக்கிற தொகைதான். மாநிலங்களவையில் மிருகவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்து, அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி தந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த மனுஷி இன்று ஒரு குற்றவியல் நீதிமன்றத்துக்கு வந்து தை மாதக் கூட்டத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஜூனியராக இருந்த காலத்தில் பொங்கல் முடிந்த வாரம் எங்களுக்கு வேலை அதிகம். சேவற்கட்டு வழக்குகள் கட்டுக்கட்டாக வரும். சீனியர் இந்தப் பெட்டி கேஸ்களை என்னிடம் தள்ளிவிடுவார். ‘சேவக்காரர் மகள்’ என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதும் ஒரு காரணம். கூண்டில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் களத்தில் சேவல் பிடித்தவர்கள், தண்ணீர் தெளித்தவர்கள், வண்டி நிறுத்தத்தில் டோக்கன் கொடுத்தவர்கள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். “ஒத்துக்கறனுங்க ஐயா.” அபராதம் விதிக்கப்படும். வராந்தாவில் நிற்கும் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார். அந்த ஒருவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. களம் போட்ட தோப்பு யாருடையது என்பதும் இருக்காது.

ஒரு வருடம், ஒத்துக்கொள்ளாமல் வழக்கு நடத்தச் சொன்னார்கள். காலில் கத்தி கட்டி மோதவிட்ட கத்திக்கட்டு வழக்கு. காவல் துறை 11(1)(எம்) உட்பிரிவை மட்டும் போட்டிருந்தது. அந்த உட்பிரிவு, பொழுதுபோக்கு அளிக்கும் நோக்கத்துக்காக மட்டுமே உயிரினங்களை மோதவிடுவதைக் குற்றம் என்கிறது. குற்றப்பத்திரிகையிலோ பந்தயப் பணம் கைப்பற்றப்பட்டது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். பணத்துக்காக நடந்தது என்று அரசுத் தரப்பே சொல்லும்போது அது பொழுதுபோக்குக்காக மட்டுமே நடந்ததாக எப்படி ஆகும் என்று வாதிட்டேன். விடுதலை கிடைத்தது. இன்றைக்கும் அதைப் பிழையான வாதம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னை நம்பிக் கூண்டில் நின்றவருக்காகச் சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் எடுத்துச் சொன்னேன். ஆனால் அன்று வெளியே வந்தபோது வராந்தா ஆள் என் கையில் உறையைக் கொடுத்து, “அடுத்த வருசமும் நீங்கதானுங்க அம்மிணி” என்றார். அடுத்த வருடம் நடக்கப்போவதை, நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே, தேர்த் தேதி சொல்வதைப் போல அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார்.

அதே சாயங்காலம், அன்று அபராதத்தோடு முடிந்த மற்ற வழக்குகளில் கைப்பற்றிய சேவல்களை ஏலம் விட்டார்கள். இது பலர் பார்க்காத காட்சி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உயிருள்ள வழக்குச் சொத்தைக் காவல் நிலையத்தில் வைத்துப் பராமரிக்க வழியில்லை. காலைக் கட்டிச் சாக்கில் போட்டு வந்திருந்தார்கள். ஒரு கீரிக்கு இடது கண் போயிருந்தது. ரத்தம் காய்ந்து இமையோடு ஒட்டியிருந்தது. இன்னொன்றின் நெஞ்சில் சணல் நூலால் போட்ட அவசரத் தையல். யாரோ ஒரு காவலர் தன் காசில் கம்பு வாங்கித் தூவியிருந்தார். கால் கட்டிய நிலையில் அவற்றால் கொத்த முடியவில்லை. சுற்றி நின்று ஏலம் கேட்டவர்கள் எல்லோரும் கட்டுக்காரர்கள். கறிக்கு வாங்குகிறவர் ஒருவர்கூட அங்கு இல்லை. ஒற்றைக்கண் கீரி பல ஆயிரத்துக்குப் போனது, விதைக்கு ஆகும் என்று. எடுத்தவர் காலையில் அபராதம் கட்டிய அதே தரப்பு. அரசுக்கு ஏலப் பணம் வந்தது, ரசீது போட்டார்கள். நீதிமன்றமே சேவலை மறுபடி களத்துக்கு அனுப்பிவைத்தது.

அந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, தண்டனை பெற்றவர் கையிலிருந்து உயிரினத்தைப் பறிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கைப்பற்றிய உயிரினங்களை எப்படிப் பராமரிப்பது என்று 2017இல் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. ஆனால் அபராதம் 50 ரூபாய் என்று இருக்கும்வரை இந்தப் பிரிவுகளை யாரும் புரட்டுவதில்லை என்பதை நான் கண்ணால் கண்டேன். தொகை சிறிதென்றால் வழக்கும் சிறிது. எஸ்.ஐ. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்க மாட்டார். அரசு வழக்கறிஞர் வழக்குக் கட்டைப் பிரிக்க மாட்டார். குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் பிறகு தொடரவே முடியாது என்று 36ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு எத்தனையோ கட்டுகளில் சத்தமில்லாமல் முடிந்திருக்கிறது. களம் நடத்தியவரைப் பிடிக்க (என்) என்று தனி உட்பிரிவு இருக்கிறது. அதில் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். அதைப் போட்டுப் பார்த்தது அபூர்வம்.

புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது ஆவலோடு படித்தேன். 325ஆவது பிரிவின்படி ஒரு விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் அது பிறருக்கு நஷ்டம் விளைவிக்கும் குற்றம். தன் சேவலைத் தானே கத்தி கட்டி அனுப்புகிறவரை அதில் நிறுத்துவது கடினம். 112ஆவது பிரிவோ, குழுவாகச் சேர்ந்து சட்டவிரோதப் பந்தயம் நடத்தினால் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை என்கிறது. ஒரே தோப்பு, ஒரே மதியம்: கைமாறிய பணத்துக்கு ஏழாண்டு வரை, கிழிந்த உடலுக்கு 50 ரூபாய். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். “அடிபட்ட சேவலோட தலைய என் வாய்க்குள்ள வெச்சு ரத்தத்த உறிஞ்சித் துப்பிக் காப்பாத்தியிருக்கறன் அம்மிணி. எனக்கா அது மேல பாசமில்லைங்கற?” பாசம் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த மண்ணில் சேவலுக்கு நடுகல் வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவல் உருவம் பொறித்த கல் வட்டெழுத்தோடு நிற்கிறது. மோதி மடிந்த சேவலை வீரனாக எண்ணி அழுதவர்களின் வழி வந்தவர் அப்பா. “அதுக சண்டை போடறது அதுக குணம், நாம என்ன சொல்லிக் கொடுத்தா போடுதுக?” என்றும் கேட்டார். அதற்கு அவர் தொழிலிலிருந்தேதான் பதில் சொன்னேன். ஊர்ச் சேவல் இரண்டு மோதினால் தோற்றது ஓடிவிடும், சண்டை அத்தோடு முடிந்தது. எங்கள் பட்டியில் ஓடுகிற சேவல் அன்றே குழம்புக்குப் போகும். ஓடாததை மட்டும் அடைக்கு வைத்து, ஓடாததின் குஞ்சை மட்டும் வளர்த்து, தலைமுறை தலைமுறையாக அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டோம். அதற்கு மேல் சுற்றிலும் ஆள் நிற்கிறார்கள், காலில் கத்தி கட்டியிருக்கிறோம். அது விட்டுவிட நினைத்தாலும் போக இடமில்லை. அப்பா நெடுநேரம் பேசவில்லை.

பிறகு அவர் சொன்ன ஒன்று என் நிலைப்பாட்டையே அசைத்தது. நான் கத்திக்கட்டுக்கு மட்டும் கடும் தண்டனை கேட்டால் போதும், கத்தி கட்டாத வெற்றுக்காலை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். நீதிமன்றங்கள் அனுமதி தந்த இடங்களிலும் கத்தி கூடாது, பந்தயம் கூடாது என்ற நிபந்தனையோடுதானே தந்தன. அப்பா தலையை ஆட்டினார். “கத்தில நிமிசத்துல முடிஞ்சுரும். வெத்துக்கால்லதான் தண்ணிக்கு எடுத்து எடுத்து விட்டு மணிக்கணக்கா அடி வாங்கும். கண்ணு போறது அதுலதான்.” இதை எனக்கு எதிராகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். அன்றிலிருந்து நான் அந்தப் பிரிவினையைப் பேசுவதில்லை.

நான் கேட்பது எல்லோருக்கும் ஒரே அளவில் சிறை என்பதல்ல. அப்படி ஒரு சட்டம் வந்தால் முதலில் உள்ளே போவது கூலிக்குச் சேவல் பிடித்த பையன்தான். வராந்தா ஆள் அல்ல. களம் நடத்தியவர், தெரிந்தே நிலம் கொடுத்தவர், பந்தயப் பணத்தைத் தாங்கியவர் மூவருக்கும் சிறையும், அவர்கள் ஒரு நாளில் எடுக்கும் பணத்தைத் தாண்டும் அபராதமும் வேண்டும். சேவல் பிடித்தவருக்கு அபராதமும் எச்சரிக்கையும் போதும், முதல் முறைக்கு. அமெரிக்காவில் 2014 முதல், 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சேவற்கட்டுக்கு அழைத்துப் போவதே மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அப்பாவின் தோளில் உட்கார்ந்து களம் பார்த்தவள் நான். ரத்தத்தைக் கண்டு கைதட்ட அங்கேதான் பழகினேன், நாலாவது படிக்கும்போது. அந்த ஒரு பிரிவை மட்டுமாவது நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடியாத காரியமல்ல. 2014 மே 7ஆம் தேதி ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே 11ஆவது பிரிவுக்குப் போதுமான தண்டனை வேண்டும், நாடாளுமன்றம் திருத்தும் என எதிர்பார்ப்பதாக எழுதியது. அந்தத் தீர்ப்பின் மற்ற பகுதிகளை எதிர்த்துத் தெருவுக்கு வந்தோம். இந்த வரியை யாரும் பேசவில்லை. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்கு வைத்தது. கொடூரமான வதைக்கு 50,000 ரூபாய் முதல் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் அதில் இருந்தன. டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இதே மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு சில நாள்களில் திருத்திக் காட்டியது. அவசரச் சட்டம் வந்தது, சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அது செல்லும் என்றது. ஒரு விளையாட்டை மீட்கத் திருத்த முடிந்த மாநிலத்தால் 50 ரூபாய் என்ற எண்ணையும் திருத்த முடியும்.

இன்றும் தை பிறந்தால் என் அலுவலகத்துக்கு ஆள்கள் வருகிறார்கள். களம் நடத்துகிறவர்களின் வழக்கை நான் எடுப்பதில்லை. கூலிக்கு நின்று மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆஜராகிறேன், அவர்களிடம் பணம் வாங்குவதில்லை. ஒன்று மட்டும் கேட்பேன்: களம் போட்டது யார் என்று நீதிமன்றத்தில் சொல்வாயா? போன தையில் வந்த பையன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “சொன்னா எங்களுக்கு அந்தத் தோப்புல வேலை இருக்காதுங்கக்கா” என்றாள் அவள். அவர்களுக்கு வாய்தா வாங்கிக் கொடுத்திருக்கிறேன், யோசிக்க.