மூட்டத்துக்குக் கீழே நம்ம ஊர்

எங்கள் வீட்டில் யாரும் விமானத்தில் ஏறியதில்லை, நான் உட்பட. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பஸ் படிக்கட்டில் தொங்குவதுதான் எனக்குத் தெரிந்த பறத்தல்! ஆனாலும் சர்வேயிங் பாடத்தில் வான்வழி அளவை வந்ததிலிருந்து மனசு மேலேயேதான் சுற்றுகிறது.

சின்ன விமானம். அதன் அடிவயிற்றில் ஒரு திறப்பு, அதில் கீழ்நோக்கிய கேமரா. 152 மி.மீ. லென்ஸோடு 3,040 மீட்டர் உயரத்தில் பறந்தால் படத்தின் அளவை 1:20,000. அதாவது படத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 200 மீட்டர். அடுத்தடுத்த இரண்டு படங்களில் சுமார் 60 சதவீதம் ஒரே இடம் விழ வேண்டும். அப்போதுதான் ஸ்டீரியோஸ்கோப்பில் பார்க்கும்போது மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும்.

இதற்கெல்லாம் பெரிய எதிரி மூட்டம். தரையிலிருந்து பார்த்தால் வானம் பளிச்சென்று இருக்கும். மேலே போனாலோ ஊரெல்லாம் வெளிறிய நீலத் திரைக்குள் மங்கிவிடும். காரணம், காற்று மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன. அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு! அதனால்தான் கறுப்பு வெள்ளை பிலிம் காலத்தில் மஞ்சள் ஃபில்டர் போட்டு நீலத்தைத் தடுத்தார்கள். அகச்சிவப்பு ஒளி இன்னும் சுலபமாகத் தப்பி வந்துவிடும். ஆனால் நம்ம மார்கழிப் பனியிடம் இந்த வித்தை பலிக்காது. அதன் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். பனி விலகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தப் படங்களால் என்ன பயன்? 1970-இல் டாக்டர் பிஷாரடியின் குழு, கேரளத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு பிலிமில் படம் எடுத்து, வாடல் நோய் கண்ட மரங்களை அடையாளம் கண்டது. நம்ம மாவட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. 2004 சுனாமிக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, கடலூர்க் கரையில் மரங்கள் அடர்ந்த இடங்களில் சேதம் குறைவு என்று 2005-இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் வயல் வேலைக்குப் போகிறவர், கையெழுத்து மட்டும் போடுவார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன்டா, 2015 வெள்ளத்துல நம்ம தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னுச்சே. அது எந்தப் பக்கமா வடியணும்னு அந்தப் படத்துல தெரியுமா?" என்றார்.

"தெரியும்பா. மேடு பள்ளத்தை அளந்துடலாம்."

"அப்ப அத நல்லா படி."

அந்தக் கேள்வி இதுவரை எந்த வினாத்தாளிலும் வரவில்லை நண்பர்களே! ஆனால் நான் பதில் எழுத விரும்புகிற கேள்வி அதுதான். இன்றைக்கு ட்ரோன் வந்துவிட்டது. விமானத்துக்காக ஏங்க வேண்டியதில்லை. டிப்ளமோ முடித்த நம் கையிலும் நாளை அந்தக் கேமரா இருக்கலாம். அப்படி வந்தால், ஐப்பசி மழைக்கு முன்னாடியே, வானம் தெளிந்த ஒரு நாளில், அவரவர் ஊர் வாய்க்காலை முதல் படமாக எடுப்போம்!