அம்மா எழுதிக் கொடுக்காத தாள்

வாலாஜாபாத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குத் தறிதான் நடுக்கூடம். காஞ்சிபுரத்து முதலாளி கொடுத்தனுப்பும் பாவை அப்பா குழித்தறியில் ஏற்றுவார். அம்மா ராட்டை முன் உட்கார்ந்து ஊடைக்குத் தார் சுற்றுவாள். கோர்வைச் சேலை ஒருவரால் ஆகிற வேலை இல்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவது, பள்ளிக்கூடம் போகுமுன்னும் வந்த பிறகும், என் பொறுப்பு. பெரியவர்கள் பேசுவதெல்லாம் அங்கேதான் என் காதில் விழும்.

அம்மா பாண்டிச்சேரியில் பிறந்தவள். அவளுடைய அண்ணனைச் சொல்தா மாமா என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா வரைக்கும் போய்ப் பென்ஷனோடு திரும்பியவர். செங்கல்பட்டிலும் விழுப்புரத்திலும் ரயில் மாறி மாமா வீட்டுக்குப் போவோம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த வழியில் சுங்கக்காரர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்களாம். அண்ணிக்கு எடுத்துப்போன பட்டுச் சேலையை நடுவழியில் உதறிக் காட்டிய கதையை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். 1954 நவம்பர் 1 அன்று பாண்டிச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, சாவடிகள் போயின. ஆனால் சட்டப்படி மண் அப்போதும் பிரான்சுக்கே சொந்தமாக இருந்தது. அதை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்றே கையெழுத்தானாலும், அல்ஜீரியப் போர் ஓய்ந்த பிறகுதான் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

அன்றிலிருந்து ஆறு மாதம் கெடு. பாண்டிச்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்கிற பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோரும் இந்தியர் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க நினைப்பவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே பிறந்து இந்தியாவின் வேறு ஊரில் குடியிருப்பவர்களுக்கும் அந்த வழி இருந்தது.

1963 பொங்கல் கழிந்ததும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். தறிக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். மாமி கொடுத்தனுப்பிய பலகாரத்தைக்கூட எடுத்து வைக்கவில்லை.

"மாசி பொறந்ததும் கெடு முடியுதும்மா. நான் எழுதிக் கொடுத்துட்டேன். நீயும் கொடு. நாளைக்குப் பிரான்சு போகணும்னா வழி இருக்கும்."

அம்மா ராட்டையை நிறுத்தினாள். "எம்புள்ளைங்களுக்கு, அண்ணே?"

"அதுங்க அப்பன் பக்கம்தான். தகப்பன் எழுதிக் கொடுத்தாதான் புள்ளைங்களுக்குச் செல்லும். மாப்ளே இந்த ஊர்க்காரரு."

மாமா சொன்னது ஒப்பந்தத்தில் இருந்ததுதான். மணமாகாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் தந்தையின் முடிவே முடிவு. தந்தை இறந்துபோயிருந்தால்தான் தாய்க்கு அந்த உரிமை.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா நாடாவைக் கீழே வைத்தார். "நீ பொறந்த ஊரு. உன் உரிமை. நான் தடுக்க மாட்டேன்."

"ஒரே கூரைக்குக் கீழ நான் ஒரு நாடு, எம்புள்ளைங்க ஒரு நாடா? எனக்கு வேணாண்ணே." அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி ராட்டை சுற்றத் தொடங்கிவிட்டது.

சீனப் போர் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பு நிதிக்குக் காசு சேர்த்துக் கொண்டிருந்தோம். மாமா வந்துபோன சேதி பரவியதும், தெருவில் ஒருவர் அவரை நாட்டை விற்றவர் என்றார். அம்மா வாசலுக்கு வந்தாள். "எங்க அண்ணன் பொறந்தப்பவே பிரெஞ்சுக்காரன். அவன் எதையும் விக்கல" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். தான் மறுத்ததை அண்ணன் ஏற்றுக்கொண்டதற்காக அவள் ஒருநாளும் அவரைக் குறைத்துப் பேசியதில்லை.

கெடு முடிந்தபோது எழுதிக் கொடுத்திருந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். மாமா கொடுத்த தாளில் பிள்ளைகளின் பெயரும் இருந்தது. அந்த ஒரு தாளால் அவர்கள் பிரான்சில் வேலைக்குப் போனார்கள், அங்கேயே குடும்பமானார்கள். இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் (OCI) அட்டைக்கு விண்ணப்பிக்கிறார்கள். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களின் கொள்ளுப்பேரர் வரைக்கும் அதைக் கேட்கலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளோ, கொள்ளுப்பாட்டி பாண்டிச்சேரியில் பிறந்தவர்தானே, பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்காதா என்று என்னிடம் கேட்கிறார்கள். கெடுவுக்குள் எழுதிக் கொடுக்காததால் அம்மா சட்டப்படி இந்தியராகிவிட்டாள். அவள் வழியாக அந்தக் கதவு திறக்காது என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் முடிவு சரியானது என்றே இன்றும் சொல்வேன். மாமாவின் முடிவும் சரியானதுதான். பிழை சட்டத்தில் இருந்தது. பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே, பிள்ளைகள் எந்த நாட்டவர் என்பதில் அவளுக்குக் குரல் இல்லை என்று இரண்டு அரசுகள் எழுதி வைத்தன.

நாடு மாற நினைக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; ஒன்றை எடுத்தால் மற்றொன்று போய்விடும். தாத்தா, பாட்டியின் பிறப்புச் சான்றையும் திருமணப் பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தத் தாள் யார் யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே விடுகிறது என்று படித்துப் பாருங்கள். வீட்டுப் பெண்களின் விருப்பத்தைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.