ஏழரை வருஷம்

எங்கள் காரைக்காலிலிருந்து திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டர்தான். சனிக்கிழமைகளில் நளன் குளத்துப் பக்கம் போனால் ஒரு குடும்பமாவது கண்ணில் படும். கவலையோடு அப்பா, அம்மா. நடுவில், முகத்தைத் திருப்பிக்கொண்டு பதினைந்து வயதுப் பையன். கேட்டால், "பையனுக்கு ஏழரை சார்!" என்பார்கள்.

கணக்கு சரிதான். பன்னிரண்டரையில் ஆரம்பித்து இருபதில் முடிந்தால் ஏழரை வருஷம்! நான் பி.காம். ஆசாமி, கழித்துப் பார்த்துவிட்டேன்.

முறைப்பது, கதவைச் சாத்திக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டு. அதைச் சொல்லவில்லை. திருடுவது, அம்மாவையே அடிப்பது, பள்ளிக்கு மட்டம் போட்டுச் சுற்றுவது, கத்தியைக் காட்டுவது... இப்படிச் சில ஒரு வருஷமாகத் தொடர்ந்தால், அதை 'நடத்தைக் கோளாறு' என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். எதிர்வீட்டு மாமி அதையே 'வளர்ப்பு சரியில்லை' என்பார்.

நண்பர் ஒருவர் இங்கே கடை வைத்திருக்கிறார். பதினைந்து வயது மகன் பைக் கேட்டான். "முடியாது." டி.வி. உடைந்தது. அப்போதும் "முடியாது." அம்மாவின் கை முறுக்கப்பட்டது. மூன்றாம் நாள் வாசலில் பைக்! இத்தனைக்கும் 2019 சட்டத் திருத்தப்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் பெற்றோருக்குத்தான். "வேற வழி? தெருவே வேடிக்கை பார்க்குதுப்பா" என்றார்.

அமெரிக்காவில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர், வீடு வீடாக ஆட்களை உட்காரவைத்து இதைத்தான் குறிப்பெடுத்தார். 1982-ல் புத்தகமாகவும் எழுதினார். பையன் கத்துகிறான், பெற்றோர் பணிகிறார்கள். அவனுக்குப் பொருள் கிடைத்தது. இவர்களுக்கு அமைதி கிடைத்தது. காமர்ஸில் இதற்கு இரட்டைப் பதிவு என்று பெயர். இரண்டு பக்கமும் லாபம் போலத்தான் தெரியும். ஆனால் அந்த அமைதி கடனாக வாங்கியது. அடுத்த முறை வட்டியோடு இன்னும் பெரிதாகக் கத்துவான்.

வைத்தியம் பையனோடு நிற்பதில்லை; பெற்றோருக்கும் பயிற்சி உண்டு. விதிகள் நாலைந்து போதும். அப்பா, அம்மா இருவர் வாயிலும் ஒரே பதில் வரவேண்டும். தண்டனை சின்னதாக இருக்கலாம், ஆனால் சொன்னால் நடக்கவேண்டும். அடி கூடாது. அவன் ஒருநாள் ஒழுங்காக நடந்தால் அதை வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

நம்மிடம் இருப்பதோ இரண்டே வைத்தியம். ஒன்று, "போலீஸ்ல சொல்லி மிரட்டுங்க." அமெரிக்காவில் 1970-களில் பையன்களை நிஜச் சிறைக்கே கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டினார்கள். பிறகு ஆராய்ந்தால், மிரட்டப்பட்டவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள்!

இரண்டாவது, "ஸ்ட்ரிக்ட்டான இடத்துல சேருங்க." பிரம்பை நம்பும் இடத்தில் என்ன நடக்கும்? 2022 கடைசியில், செங்கல்பட்டு அரசு சிறார் இல்லத்தில் 17 வயதுப் பையன் இறந்துபோனான். பேட்டரி திருடியதாகப் பிடிபட்டவன். அவனை அடித்ததாக அங்கே வேலை பார்த்த ஆறு பேர் கைதானார்கள்.

"வயசானா சரியாயிடும்" என்று காத்திருக்கவும் முடியாது. 2015-ன் சிறார் நீதிச் சட்டப்படி, 16 முடிந்த பையன் கொடுங்குற்றம் செய்தால், பெரியவர்களைப் போலவே விசாரிக்கப்படலாம். நண்பரின் மகனுக்கு அதற்கு இன்னும் எட்டு மாதம்தான்.

போன வாரம் நண்பர், "நல்ல ஹாஸ்டலா இருந்தா சொல்லேன்" என்றார். ஹாஸ்டலுக்குப் பதில் 14416 என்று எழுதிக் கொடுத்தேன். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். பக்கத்தில் எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்றும் கேட்கலாம்.

நண்பர் தயங்கினார். "சின்ன ஊருப்பா. வெளியில தெரிஞ்சா?"

"பைக் சத்தம் ஏற்கெனவே தெரு முழுக்கக் கேட்குதுப்பா" என்றேன்.